தனியே பறக்கும் புதிய விமானிகள் வழி தவறும்போது செய்யும் தவறுகள்

பிரிட்டனில் தனியார் விமானி உரிமத்துக்குப் பயிலும் மாணவர், பயிற்றுநர் உடனில்லாமல் குறைந்தது 150 கடல் மைல் தூரம் பறந்து, வழியில் வேறு இரண்டு விமானத் தளங்களில் தரையிறங்கித் திரும்ப வேண்டும். அந்தப் பயணத்தில் சற்று வழி தவறுவது யாருக்கும் நேரக்கூடியதே. அதன் பிறகு செய்பவையே ஆபத்தாக முடிகின்றன.

அவற்றுள் முதலாவது, கீழே கண்ட ஊரை வரைபடத்தில் தேடிப் பொருத்துவது. கீழே ரயில் பாதையும் ஓர் ஏரியும் கொண்ட ஊர் தெரிகிறது. எதிர்பார்த்த ஊருக்கும் அவை இரண்டும் உண்டு. உடனே மனம் இதுதான் அது என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. தென் இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஊர்களுக்கா பஞ்சம்? முதலில் கடிகாரத்தைப் பார்த்து, அந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் கண்டு, அதன் பின்னரே தரையைப் பார்க்க வேண்டும்.

ஜைரோவால், அதாவது வேகமாகச் சுழலும் சக்கரத்தால், இயங்கும் திசைமானி பறக்கும்போது சிறிது சிறிதாக விலகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை, விமானம் நேராகவும் சீரான வேகத்திலும் செல்லும்போது, காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டு அதைத் திருத்த வேண்டும். ஒரு பாகைப் பிழை 60 மைலில் ஒரு மைல் விலக்கும் என்பது விமானிகளின் பழைய கணக்கு. அதன்படி, 10 பாகைப் பிழையோடு 30 மைல் சென்றவர் 5 மைல் விலகியிருப்பார். லண்டனைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் அனுமதியின்றி நுழைய அவ்வளவு போதும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, உதவி கேட்கத் தயங்குவது. வானொலியின் பேசும் பொத்தானில் கட்டைவிரல் இருக்கிறது. இன்னும் ஒரு நிமிடம் பார்க்கலாம் என்று கௌரவம் தடுக்கிறது. 90 நாட், அதாவது மணிக்கு 90 கடல் மைல், வேகத்தில் ஒரு நிமிடம் என்பது ஒன்றரைக் கடல் மைல். ஏற்கெனவே ஒரு கட்டுப்பாட்டாளரோடு தொடர்பில் இருந்தால் அதே அலைவரிசையில் சொல்லலாம், இல்லையெனில் 121.5 மெகாஹெர்ட்ஸில் அழைத்தால், ஸ்வான்விக்கில் உள்ள விமானப்படையின் ‘டிஸ்ட்ரஸ் அண்ட் டைவர்ஷன்’ என்ற அவசர உதவிப் பிரிவு பதிலளிக்கும். மிகத் தாழ்வாகப் பறந்தால் குரல் எட்டாமல் போகலாம். மேகமும் வான்வெளி எல்லையும் இடம் தந்தால் சற்று மேலேறுவது நல்லது.

மன்னிப்புக் கேட்டு நீட்டி முழக்கத் தேவையில்லை. அவசர உதவி தேவை என்பதைக் குறிக்கும் ‘பான்-பான்’ என்பதை மும்முறை சொல்லி, ‘ஸ்டூடன்ட்’ என்ற சொல்லோடு அழைப்புக் குறியீடு, விமான வகை, வழி தவறிய நிலை, செய்ய நினைப்பது, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம், உயரம், திசை ஆகியவற்றைச் சொன்னால் போதும். எரிபொருள் தீரும் நிலையில் உயிருக்கே ஆபத்தென்றால் ‘மேடே’ என்று தயங்காமல் சொல்ல வேண்டும். இந்த அழைப்பை மாணவர் முதன்முறை செய்வது நிஜ நெருக்கடியிலாக இருக்கக்கூடாது. அலைவரிசையில் வேறு யாரும் இடரில் இல்லை என்று கேட்டறிந்த பின், ‘டிரெய்னிங் ஃபிக்ஸ்’ என்று அழைத்து, பயிற்சிக்காக இருக்குமிடத்தைக் கேட்டுப் பழக அந்தப் பிரிவில் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாத பயிற்றுநர் பாதிப் பாடத்தைத்தான் நடத்துகிறார்.

இருக்குமிடமும் திரும்ப வேண்டிய திசையும் கிடைத்ததும், நிம்மதியில் திசைமானியைத் திருத்தாமலே திரும்பிவிடுபவர்களும் உண்டு. வழி தவறச் செய்த அதே 10 பாகைப் பிழை அப்போதும் அந்தக் கருவியில் அப்படியே இருக்கிறது.