இரண்டு கொங்கு நாவல்களில் துணிவை ஒப்பிட்டு எழுதுவது எப்படி?

ஒப்பீட்டுக் கட்டுரையைப் புதிதாக எழுதுவோர் பலர் இரண்டு கதைச் சுருக்கங்களை அடுத்தடுத்து எழுதிவிட்டு அதையே ஒப்பீடு என்று கருதிவிடுகிறார்கள். ஒரே கேள்வியை இரண்டு நாவல்களிடமும் கேட்டு, விடைகள் எங்கே பிரிகின்றன என்று காட்டினால்தான் அது ஒப்பீடாகும். ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942), பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) ஆகிய இரண்டையும் வைத்து அதைச் செய்து பார்ப்போம். முடிவுகளையும் பேசவேண்டியிருப்பதால், நாவல்களை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

முதல் படி, இரண்டுக்கும் பொதுவானதைக் கண்டுபிடிப்பது. இரண்டும் கொங்குக் கிராமத்தில் நடக்கின்றன. இரண்டிலும் ஒரு பெண் ஊரின் வழக்கத்துக்கு எதிரே நிற்கிறாள். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். 'பூக்குழி'யின் சரோஜாவோ சாதி கடந்து குமரேசனை மணந்து, அவனுடைய ஊரான காட்டுப்பட்டிக்கு வந்து சேர்கிறாள். இதற்குமேல் கதைச் சுருக்கம் வேண்டாம்.

இரண்டாம் படி, எதை இழக்கும் அபாயத்தில் இவர்கள் நிற்கிறார்கள் என்று கேட்பது. துணிவின் அளவு இங்கேதான் தெரியும் என்பதால், அதிக நேரத்தை இதற்கே செலவிடுங்கள். நாகம்மாளைப் பொறுத்தவரை காலச்சூழலையும் அறிந்துகொள்வது உதவும். 1937-இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்தது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது என்று அன்றைய இந்தியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் (Federal Court) 1941-இல் கருத்துரைத்தது. சென்னை மாகாணம் அந்த உரிமையை விவசாய நிலத்துக்கு விரிவாக்கியது 1947-இல்தான். ஆகவே நாவல் வெளிவந்த ஆண்டில், ஒரு விதவை விவசாய நிலத்தில் பங்கு கேட்டு எழுந்து நின்றபோது, அவள் கைக்கு எட்டும் தூரத்தில் சட்டத்தின் துணைகூட இருக்கவில்லை. சரோஜா இழக்கக்கூடியது உயிரையே. அவள் எந்தச் சாதி என்று மாமியார் மாராயியும் ஊரும் திரும்பத் திரும்பத் துருவும்போது அவள் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தை வெறும் பயமென்று எழுதிவிடாதீர்கள். வசவையும் ஊர்விலக்கையும் தாங்கிக்கொண்டு கணவனோடு அங்கேயே இருப்பதும் துணிவுதான் என்பது என் கருத்து. பங்கைக் கேட்கும் வாயையும் பதில் சொல்லாத வாயையும் எதிரெதிரே வைத்தால் கட்டுரையின் மையக்கருத்து கிடைத்துவிடும்.

மூன்றாம் படி, உங்கள் கருத்துக்கு இடைஞ்சலான சான்றைத் தேடுவது. நாகம்மாளின் பின்னால் ஊரைச் சேர்ந்த கெட்டியப்பனும் மணியக்காரரும் நிற்கிறார்கள்; சின்னப்பன்மீது அவர்களுக்குள்ள பகையும் அவளது கோரிக்கையோடு கலந்துவிடுகிறது. அப்படியானால் அந்தத் துணிவு அவளுடையதா, தூண்டிவிட்டவர்களுடையதா? தூண்டுதல் வருவதற்கு முன்பே அவளிடம் உரிமையுணர்வு இருந்ததைக் காட்டும் இடங்களைக் குறித்துவைத்து, தகராறு சின்னப்பனின் கொலையில் முடிவதோடு அவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஷண்முகசுந்தரம் அவளைத் தியாகியாகவும் ஆக்கவில்லை, கொடியவளாகவும் ஆக்கவில்லை. நாவலின் பெருமை அதில்தான் இருக்கிறது. 'பூக்குழி'யில் இதற்கு இணையான கேள்வி குமரேசனைப் பற்றியது. ஊரை எதிர்த்து மணம் செய்தவன், ஊர் ஏற்றுக்கொள்ளும் என்று நம்பி அவளை அங்கேயே குடிவைத்தான். அவன் இல்லாத இரவில் அவள் ஒளிந்திருக்கும் புதருக்கு ஊரார் தீ வைக்கும் இடத்தைப் படிக்கும்போது, அந்த நம்பிக்கையைத் துணிவென்று சொல்வதா, அறியாமையென்று சொல்வதா என்று நீங்களே முடிவெடுத்தாக வேண்டும்.

நான்காம் படி மொழி. இரு நாவல்களிலும் உரையாடல் கொங்குப் பேச்சில் அமைந்திருப்பதால், வேற்றூர் வாசகர்கள் பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக எழுதும் முறை. ஒவ்வொரு பத்தியையும் ஒரு நாவலுக்கென்று ஒதுக்காமல், இழப்பு, தூண்டுதல், ஊரின் தீர்ப்பு என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பத்தியை ஒதுக்கி, அதற்குள் இரண்டு பெண்களையும் கொண்டுவாருங்கள். மேற்கோள் இரண்டு வரிக்கு மேல் போகவேண்டாம். பக்க எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள். முதல் வரைவை எழுதி முடித்ததும், 'துணிவானவள்' என்று வரும் வாக்கியங்களை எல்லாம் அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவள் செய்த செயலையே எழுதிப் பாருங்கள்.