வேலை அழுத்தமும் தன்னம்பிக்கையும்: ஒரு குறிப்பேட்டிலிருந்து தொடங்குதல்

வேலையில் அழுத்தம் மிகும்போது நம்மில் பலர் முதலில் மனத்தைத்தான் சரிசெய்யப் பார்க்கிறோம். மூச்சுப் பயிற்சி, விடுமுறை, ஊக்கப் பேச்சு என்று தேடிப் போகிறோம். இவற்றில் தவறொன்றும் இல்லை. ஆனால் மேசையில் காத்திருக்கும் வேலை அப்படியே இருக்குமானால், விடுமுறையில் சேர்த்த அமைதி திங்கட்கிழமை மதியம்வரைகூடத் தாங்குவதில்லை. ஆகவே மனத்தைச் சற்று ஒத்திவைத்து, வேலையிலிருந்தே தொடங்கலாம்.

எவ்வளவு வேலை இருக்கிறது என்பதோடு, அதை எப்போது, எந்த வரிசையில், எந்த முறையில் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று பணிச்சூழல் ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் எடுத்துரைத்தார். சுமை கூடியும், தீர்மானிக்கும் உரிமையாகிய பிடி குறைந்தும் இருக்கும் வேலையே ஒருவரை மிகுதியாக வாட்டுகிறது என்பது அவர் கருத்து. பிரிட்டன் அரசு ஊழியர்களிடையே மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் குழுவினர் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளிலும், பொறுப்பு மிகுந்த மேல்நிலை அதிகாரிகளைவிடக் கீழ்நிலைப் பணியாளர்களிடமே இதயநோய் கூடுதலாகக் காணப்பட்டது. வேலையின்மீது பிடி குறைவாக இருந்ததும் அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சுட்டப்பட்டது. எனவே, சுமையைக் குறைக்க இயலாத இடத்திலும் பிடியைக் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று பார்ப்பது பயனுள்ள கேள்வி.

அதற்கு ஒரு சிறிய குறிப்பேடு வேண்டும். அழுத்தம் ஏறிய ஒவ்வொரு தருணத்தையும் இரண்டு வாரங்களுக்கு நான்கே விவரங்களுடன் குறித்து வையுங்கள்: நேரம், வந்த வேலை, அது யாரிடமிருந்து வந்தது, அதில் நீங்கள் தீர்மானிக்கக்கூடியதாக என்ன இருந்தது. உணர்ச்சிகளை விரித்து எழுத வேண்டியதில்லை. எழுதினால் மூன்றாம் நாளே குறிப்பேடு கைவிடப்படும். ‘வேலை அதிகம்’ என்ற ஒற்றைப் புகாருடன் தொடங்கும் குறிப்பேட்டில், சில நாட்களிலேயே வேறு காரணங்கள் தலைகாட்டும். என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாமல் தரப்பட்ட வேலை ஒன்று. இன்னொருவரின் பதிலுக்காகக் காத்திருந்து கடைசி நாளில் குவிந்தது மற்றொன்று. அடிக்கடி வந்து கவனத்தைக் கலைக்கும் செய்திகள் வேறொன்று. முதலாவதற்கு, தொடங்குமுன்பே ‘முடிந்த நிலையில் இது எப்படி இருக்க வேண்டும்?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவது உதவும். இரண்டாவதற்கு, பிறருக்குச் சொல்லும் கெடுவை உங்கள் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக வையுங்கள். செய்திகளை மணிக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பது எல்லா வேலைக்கும் பொருந்தாது. பொருந்தும் இடத்தில் அதை மேலாளரிடம் சொல்லிவிட்டுச் செய்வதே நல்லது.

மேலாளருடன் பேசுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இரவில் கண் விழிப்பது ஒரு வழக்கம். பொறுக்க முடியாமல் ஒருநாள் ‘என்னால் முடியாது’ என்று வெடிப்பது மற்றொரு வழக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: கையில் உள்ள வேலைகளை அவருக்குத் தெரியும்படி வைத்து, எதை முந்திச் செய்வது என்ற முடிவை அவரிடமே கேட்பது. ‘இந்த வாரம் என்னிடம் மூன்று வேலைகள் உள்ளன. அறிக்கையையும் கணக்குச் சரிபார்ப்பையும் வியாழனுக்குள் முடித்துவிடுவேன். இந்தப் புதிய வேலையும் இந்த வாரமே வேண்டுமென்றால், அவ்விரண்டில் எதை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம்?’ இப்படிக் கேட்பவரைச் சோம்பேறி என்று எண்ணுவது கடினம். முடிவான பிறகு அதை இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். யார் என்ன சொன்னார் என்ற வாதம் பின்னர் எழாது.

மாலையில் கிளம்புமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, முடியாத ஒவ்வொரு வேலையையும் எப்போது, எந்த இடத்திலிருந்து தொடர்வீர்கள் என்று எழுதுங்கள். முடிக்காத பணியைப் பற்றிய எண்ணம் வேறு செயல்களில் குறுக்கிடுவதை, திட்டம் வகுப்பதே தணிக்கிறது என்று உளவியலாளர்கள் மசிகாம்போ, பாமைஸ்டர் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதற்காக வேலை நேரத்தையே நீட்டிக்கொண்டு போகக் கூடாது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன.

தன்னம்பிக்கைக்கும் இதே குறிப்பேடு பயன்படும். நம்பிக்கை வந்த பிறகு இறங்கலாம் என்று காத்திருப்பவர்கள் ஏராளம். உண்மையில் அது செய்து முடித்ததன் பின்னால் வருகிறது. ஒரு செயலைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கைக்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் சொல், உடலின் நிலை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. ஆகவே, தோற்கவும் வாய்ப்புள்ள அளவுக்குக் கடினமான, ஆனால் ஒரு வாரத்தில் முடியக்கூடிய ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தில் பேச அஞ்சுபவர் முதல் வாரம் ஒரு கேள்வியும், அடுத்த வாரம் இரண்டு நிமிட விளக்கமும் என்று ஏறலாம். முடித்ததும் எதில் சிக்கல் வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்பதைக் குறியுங்கள். ஆண்டு மதிப்பீட்டின்போது இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ‘ஏதோ அதிர்ஷ்டத்தால் நடந்தது’ என்ற எண்ணம் திறமையுள்ளவர்களிடமும் தலைதூக்கும். தேதியோடு எழுதிய பக்கத்தின் முன் அது வெகுநேரம் நிற்பதில்லை. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், உங்களைவிட ஒரு படி முன்னால் நிற்பவரைப் பாருங்கள். உச்சியில் இருப்பவர் ஏறிய வழி இங்கிருந்து தெரிவதில்லை.

இவையெல்லாம் பயனளிக்காத இடங்களும் உண்டு. வசைபாடும் மேலாளரையோ மூவர் செய்ய வேண்டியதை ஒருவரிடம் சுமத்தும் நிறுவனத்தையோ குறிப்பேடு திருத்தாது. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு தனி நோயாகக் கொள்ளாமல், வேலையிடத்தில் தீர்க்கப்படாத நீண்டகால அழுத்தத்தின் விளைவாகவே வரையறுக்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மீது கசப்பு, செயல்திறன் குறைதல் ஆகியவை அதன் கூறுகள். இவை வாரக்கணக்கில் நீடித்தாலோ, உறக்கம் கெட்டு அன்றாடச் செயல்களே தடைப்பட்டாலோ, மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். மருத்துவரிடம் செல்லும்போதும், இடமாற்றம் கேட்டு மனிதவளத் துறையை அணுகும்போதும் அந்தக் குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். எப்போது, எதனால் தொடங்கியது என்று அவர்கள் கேட்பார்கள்.