நாவல் இடப்பக்கம், படம் வலப்பக்கம்: தழுவல் ஆய்வில் தவிர்க்க வேண்டியவை

ஆய்வேடுகளைத் திருத்தும்போது எனக்குச் சலிப்பூட்டுவது ஓர் அட்டவணை. இடப்பக்கம் 'நாவலில்', வலப்பக்கம் 'படத்தில்'. விட்டது எது, சேர்த்தது எது என்று பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டு, கடைசியில் 'மூலத்துக்கு நியாயம் செய்யவில்லை' என்று தீர்ப்பு. கோவையிலும் சேலத்திலும் இருந்துகொண்டு 19ஆம் நூற்றாண்டுக் கதைகளை ஆராய்கிறவர்களாவது இதைக் கைவிடலாம். அந்தக் கதைகளைப் படமாக்கிய ஸ்டுடியோக்கள் இருந்த ஊர்கள் அல்லவா இவை!

கோவை பட்சிராஜா ஸ்டுடியோ 1950இல் வெளியிட்ட 'ஏழை படும் பாடு' படத்தையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு எழுத்தாளர் விக்தோர் ஹ்யூகோவின் 1862ஆம் ஆண்டு நாவலான 'லே மிசெராப்ள்'தான் மூலம் என்று எழுதிவிட்டு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். நடுவில் சுத்தானந்த பாரதியார் இருக்கிறாரே! படத்தின் தலைப்பே அவருடைய தமிழாக்கத்தின் தலைப்பு. ஒரு காட்சி ஹ்யூகோவிலிருந்து விலகினால், விலகியது தமிழாக்கத்திலா, இயக்குநர் கே. ராம்நாத்தின் கையிலா என்று முதலில் பார்க்க வேண்டும். அதே நாவலை வைத்து 1935இல் வந்த ஹாலிவுட் படத்தையும் ஒதுக்க முடியாது. தமிழோடு தெலுங்கிலும் சேர்த்தே எடுத்த படம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இரண்டு மொழிக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகவே சில முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கலாம்.

இன்னொன்று. விடாமல் துரத்தும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன், அதன் பிறகு 'ஜாவர்' சீதாராமன் ஆனார். ஹ்யூகோவின் பாத்திரப் பெயர் ஒரு தமிழ் நடிகருக்கு அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. தழுவல் ஆழப் பதிந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அட்டவணையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

'மூலம்' என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1942இல் எடுத்த 'மனோன்மணி'க்கு மூலம் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' (1891). அதற்கு மூலம் லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்ற ஆங்கிலக் கதைக் கவிதை. அதுவோ பழங்கிரேக்கக் கதை மரபைத் தொட்டு நிற்பது. தமிழ் நாடகமே ஒரு தழுவல் என்றானபின், படம் அதற்கு 'விசுவாசமாக' இருக்கவில்லை என்று குறைசொல்ல என்ன இருக்கிறது? அது படிப்பதற்கென்று எழுதிய செய்யுள் நாடகம். படத்தின் நாயகன் பி.யு. சின்னப்பா பாடி நடிக்கும்போது அது வேறொன்றாகத்தான் மாறும்.

ஆண்டுக் கணக்கிலும் சறுக்குகிறார்கள். ராஜம் அய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' நாவல் நூலானது 1896இல். ஆனால் 1893 முதலே 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. இதழிலிருந்து நூலுக்கு வந்ததே முதல் ஊடக மாற்றம்.

இணையத்தில் கிடைக்கும் பிரதியை முழுப் படம் என்று நம்பிவிட வேண்டாம். படம் வெளியானபோது கதைச்சுருக்கமும் பாடல்களும் அச்சிட்டு விற்ற பாட்டுப் புத்தகத்தைத் தேடுங்கள். கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். துருவேறிய கம்பித் தடத்தோடு, தொட்டால் பொடியும் தாளில் கதைச்சுருக்கம் இருக்கும். முக்கியமான திருப்பம் வரும் இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்தியிருப்பார்கள். எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கதையில் எதை விலைபோகும் சரக்காக நினைத்தார்கள் என்பது அங்கே தெரியும்.