பழைய போக்கிமான் அட்டைக்கு மதிப்பு உண்டா என்று கண்டறியும் முறை

பரணில் கிடந்த டப்பாவிலிருந்து பழைய போக்கிமான் அட்டைகள் அகப்பட்டவுடன் பலரும் அட்டையின் பெயரை இணையத்தில் தேடி, கண்ணில் படுகிற மிகப் பெரிய தொகையைத் தம் அட்டைக்கும் உரியதென்று எண்ணிவிடுகிறார்கள். அந்தத் தொகை ஒரு குறிப்பிட்ட அச்சுக்கு, அதுவும் ஏறக்குறைய பழுதே இல்லாத பிரதிக்கு மட்டும் கிடைத்ததாக இருக்கும். ஒரே படமும் பெயரும் கொண்ட அட்டை பல முறை அச்சேறியிருப்பதால், கையில் உள்ளது எந்த அச்சு என்று தெளிந்த பிறகே விலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முதலில் அட்டையின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். அங்குள்ள எண்ணை அடுத்து வட்டம் இருந்தால் அது சாதாரண அட்டை. சாய்சதுரம் இருந்தால் சற்றே அரிது. நட்சத்திரம் இருந்தால் அரிய வகை. நட்சத்திர அட்டைகளை, குறிப்பாகப் படப்பகுதி மினுங்கும் ஹோலோ அட்டைகளைத் தனியே எடுத்து வையுங்கள்.

விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1999 ஜனவரியில் வெளியிட்ட முதல் ஆங்கிலத் தொகுப்பில் 102 அட்டைகள் இருந்தன. சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடும் சாரிஸார்ட் என்ற போக்கிமானின் எண் அதில் 4/102. 2000இல் வந்த பேஸ் செட் 2 தொகுப்பில் அதே சாரிஸார்ட் 4/130 என்ற எண்ணுடன் வந்தது. அதன் விலை மிகவும் குறைவு. 2021இல் வந்த போக்கிமானின் 25ஆம் ஆண்டு மறுபதிப்பு 4/102 என்ற பழைய எண்ணையே தாங்கி வந்ததால், எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாறக்கூடும். படத்தின் அருகே 25ஆம் ஆண்டுச் சின்னம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் தொகுப்புக்குள்ளேயே மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். படச்சட்டத்தின் இடது கீழ்ப்புறத்தில், 1 என்ற எண்ணுடன் கூடிய சிறிய கறுப்பு முத்திரை இருந்தால் அது ஃபர்ஸ்ட் எடிஷன். மூன்றிலும் இதற்கே மதிப்பு அதிகம். முத்திரை இல்லாமல், சட்டத்தின் வலது ஓரத்தில் நிழல்கோடும் இல்லாதிருந்தால் அது ஷேடோலெஸ்; அதன் அடிவரியில் நிண்டெண்டோவின் பெயருக்கு முன் 1995, 96, 98, 99 என்று ஆண்டுகள் வரும். நிழலும் விழுந்து, அந்த 99 இல்லாமலும் இருந்தால், அது ஏராளமாக அச்சான அன்லிமிடெட். மச்சாம்ப் அட்டை மட்டும் இதற்கு விலக்கு. இருவர் ஆடும் தொடக்கப் பெட்டியோடு வந்த அந்த அட்டையில் நிழல் உள்ள அச்சிலும் முத்திரை இருக்கும் என்பதால், அதைப் பார்த்துப் பெரும் தொகையை எதிர்பார்க்க வேண்டாம்.

அச்சு தெரிந்த பிறகு நிலையைப் பாருங்கள். மேசை விளக்கின் கீழ் அட்டையைத் திருப்பிப் பிடித்தால், பின்புறத்தின் நீல விளிம்பில் தேய்மானத்தால் வந்த வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் தெரியும். சாய்த்துப் பார்த்தால் ஹோலோவின் மேல் மெல்லிய கீறல்கள் இருந்தாலும் தெரியும். முன்புற மஞ்சள் ஓரம் இருபக்கமும் ஒரே அகலமா என்று கவனியுங்கள். மடிப்பு விழுந்திருந்தால், எவ்வளவு அரிய அட்டையானாலும் விலை பெருமளவு சரிந்துவிடும். துடைத்துப் பளபளப்பாக்க முயல வேண்டாம்; அதனாலேயே கெட்டுப்போன அட்டைகள் பல.

போலியா என்ற ஐயம் எழுந்தால், அதே காலத்தைச் சேர்ந்த மலிவான அசல் அட்டை ஒன்றை அருகில் வைத்து, இரண்டையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அசலின் நடுவே கறுப்புப் படலம் இருப்பதால் வெளிச்சம் குறைவாகவே ஊடுருவும். போலிகளில் பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். எழுத்தின் தடிமனையும் பின்புற நீலத்தின் சாயலையும்கூட ஒப்பிடலாம்.

விலையை அறிய, ஈபே போன்ற தளங்களில் விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டி, உங்கள் அட்டையின் அதே அச்சையும் அதே நிலையையும் கொண்ட சிலவற்றை ஒப்பிடுங்கள். பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் 1 முதல் 10 வரை தரமிட்டு, அட்டையை உறையில் முத்திரையிட்டுத் தருகின்றன. தரம் 9க்கும் 10க்கும் இடையிலேயே விலை பல மடங்கு வேறுபடலாம். கட்டணம், அஞ்சல், காப்பீடு ஆகியவற்றைக் கூட்டி, 10 கிடைக்காமல் 7 கிடைத்தாலும் நட்டமில்லை என்ற அட்டைகளை மட்டும் அனுப்புங்கள். அனுப்பும் வரை ஒவ்வொன்றையும் மெல்லிய உறையிலிட்டு, அதன்மேல் கெட்டி உறை போட்டு, ஈரப்பதம் அண்டாத இடத்தில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஹோலோ அட்டைகள் எளிதில் வளைந்துவிடும்.