கணக்கு சரி, முடிவு தப்பு: நாடுகளையும் மாநிலங்களையும் எண்களால் அளக்கும்போது தவிர்க்க வேண்டியவை

ஒரு மாநிலத்தின் பொருளாதாரத்தை ஆராய இன்று பெரிய அலுவலகமோ ஆள்பலமோ தேவையில்லை. ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி எக்செல்லில் போட்டால் பத்து நிமிடத்தில் ஒரு ரிக்ரெஷன் (ஓர் எண் மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிடும் கணக்கு) ஓட்டிவிடலாம். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் மென்பொருள் உடனே கத்தும். ஒப்பிடவே கூடாத இரண்டை ஒப்பிட்டால் மட்டும் வாய் திறக்காது. கேட்ட எல்லா எண்களையும் இரண்டு தசமத் துல்லியத்தோடு கொடுத்துவிடும். கல்லூரி ஆய்வேடுகளிலும் செய்தித்தாள் கட்டுரைகளிலும் கண்ணில் படும் பிழைகளில் பெரும்பாலானவை சூத்திரத்தில் இருப்பதில்லை. இந்த எண் எதை எண்ணியது, எந்த எல்லைக்குள் எண்ணியது என்று கேட்காமல் விட்டதால் வருபவை.

வேகமும் அளவும் ஒன்றல்ல

இலங்கையை எடுத்துக்கொள்வோம். கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8%. அடுத்த செப்டம்பரில் 1.3%. இதைப் பார்த்து விலைவாசி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. கொஞ்சம் கணக்குப் போடலாம். 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்குக் கிடைத்த சாமான்கள் 2022-இல் ஏறத்தாழ 170 ரூபாய், 2023-இல் ஏறத்தாழ 172 ரூபாய். விலை இறங்கவே இல்லை, ஏறிய இடத்திலேயே நின்றது. சம்பளம் அதே அளவு ஏறாத குடும்பத்துக்கு 1.3% என்ற எண் எந்த ஆறுதலும் தராது.

இதே குழப்பம் தலைகீழாக இந்தியாவில் நடந்தது. 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஊரடங்கால் ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, 24.4% சரிந்தது. அடுத்த ஆண்டு அதே காலாண்டில் 20.1% வளர்ச்சி. 24 போய் 20 வந்துவிட்டது, இன்னும் 4 தான் பாக்கி என்று தோன்றும். ஆனால் 100-இல் 24.4 போனால் 75.6. அதன்மேல் 20.1% ஏற்றினால் ஏறத்தாழ 90.8. அதாவது 2019-இன் அளவைவிட இன்னும் ஏறத்தாழ 9% குறைவாகவே இருந்தது. வளர்ச்சி விகிதம் எழுதும் இடத்தில் எல்லாம் பக்கத்திலேயே உண்மையான அளவையும் ஒரு நெடுவரிசையில் போட்டு வைத்தால் இந்தத் தவறு வராது.

எந்த விலையில், எந்தத் தொடரில்?

நடப்பு விலை (அந்தந்த ஆண்டின் விலையில் போடும் கணக்கு), நிலையான விலை (விலையேற்றத்தை நீக்க, ஒரே ஆண்டின் விலையில் போடும் கணக்கு) என்ற வேறுபாடு பாடப்புத்தகத்திலேயே வரும். ஆனாலும் ஒரு மாநிலத்துக்கு ஒன்றையும் இன்னொரு மாநிலத்துக்கு மற்றதையும் எடுத்து ஒப்பிடும் பட்டியல்கள் சமூக ஊடகங்களில் ஓயாமல் சுற்றுகின்றன. 2025 மே மாதத் தற்காலிக மதிப்பீட்டின்படி 2024-25-இல் இந்தியாவின் வளர்ச்சி நிலையான விலையில் 6.5%, நடப்பு விலையில் 9.8%. இரண்டும் சரியான எண்கள்தான். எதற்கு எது என்பதுதான் கேள்வி. உற்பத்தி எவ்வளவு கூடியது என்றால் முதலாவது. அரசின் கடனையோ வரி வருவாயையோ உற்பத்தியோடு ஒப்பிட வேண்டும் என்றால் இரண்டாவது, ஏனென்றால் கடனும் வரியும் நடப்பு ரூபாயில்தான் இருக்கின்றன.

இதைவிடச் சிக்கலானது அடிப்படை ஆண்டு மாற்றம், அதாவது நிலையான விலைக் கணக்குக்கு அளவுகோலாக வைக்கும் ஆண்டையும் அதோடு கணக்கு முறையையும் புதுப்பிப்பது. 2014 ஏப்ரலில் நைஜீரியா தன் அடிப்படை ஆண்டை 1990-இலிருந்து 2010-க்கு மாற்றியபோது, 2013-க்கான ஜிடிபி ஒரே நாளில் 89% பெரிதானது. தொலைத்தொடர்பு, திரைப்படத் துறை போன்ற, பழைய கணக்கில் சரியாகச் சேராத தொழில்கள் உள்ளே வந்தன. தென்னாப்பிரிக்காவை முந்திவிட்டது என்று செய்தி ஓடியது. நைஜீரியர் ஒருவர்கூட அன்று காலை பணக்காரர் ஆகவில்லை. இந்தியாவிலும் 2015 ஜனவரியில் 2011-12 தொடர் வந்தபோது, 2013-14-இன் வளர்ச்சி 4.7%-இலிருந்து 6.9% ஆனது. பழைய தொடரின் கடைசி ஆண்டையும் புதிய தொடரின் முதல் ஆண்டையும் நேராக ஒட்டி கோடு போட்டால், நடுவில் வரும் தாவல் பொருளாதாரத்தினுடையது அல்ல, கணக்கு முறையினுடையது. பழைய ஆண்டுகளையும் புதிய முறையில் திரும்பக் கணக்கிட்ட அதிகாரபூர்வமான பின்னோக்கிய தொடர் இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் இரண்டு தொடரிலும் இருக்கும் பொது ஆண்டின் விகிதத்தைக் கொண்டு இணைத்து, அப்படி இணைத்திருப்பதை வரைபடத்தின் கீழேயே சொல்லிவிடுங்கள்.

திருத்தங்களும் அப்படித்தான். தமிழ்நாட்டின் 2024-25 வளர்ச்சி முதலில் 9.69% என்று வந்தது, 2025 ஆகஸ்டில் 11.19% ஆனது. ஒன்றரை சதவீதப் புள்ளி நகரக்கூடிய எண்ணை வைத்துக்கொண்டு 0.2 வித்தியாசத்தில் மாநிலங்களை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துவதில் அர்த்தமில்லை. தரவை இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

இங்கே உற்பத்தி, வேறெங்கோ வருமானம்

பிராந்தியப் பொருளாதாரத்தில் அதிகம் பேர் விழும் குழி இதுதான் என்பது என் கணிப்பு. மாநில அல்லது மாவட்ட உள்நாட்டு உற்பத்தி என்பது அந்த எல்லைக்குள் எவ்வளவு மதிப்பு உருவானது என்ற கணக்கு. அந்தப் பணம் அங்கே வாழ்பவர்களின் கைக்கு வந்ததா என்பதை அது சொல்லாது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூரும் ஒரகடமும் இருக்கின்றன. அங்கே ஓடும் கார், மின்னணுத் தொழிற்சாலைகளின் உற்பத்தி முழுவதும் அந்த மாவட்டக் கணக்கில் ஏறுகிறது. வேலைக்கு வருபவர்களில் பலர் சென்னையிலிருந்து பேருந்தில் வருகிறார்கள், லாபம் கடல் கடந்த தலைமையகத்துக்குப் போகிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் தலா ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு திருநெல்வேலி மாவட்டத்தில் நிற்கின்றன; மின்சாரம் பல மாநிலங்களுக்குப் போகிறது. இந்த மாவட்டங்களின் மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்து, சராசரி மனிதர் இவ்வளவு சம்பாதிக்கிறார் என்று எழுதினால், உலையின் வருமானத்தையும் பக்கத்து ஊர் மீனவரின் வருமானத்தில் சேர்த்துவிட்டோம் என்று பொருள்.

கேரளத்தில் கதை மாறுகிறது. வளைகுடாவில் உழைத்து அனுப்பும் பணம் மாநில உள்நாட்டு உற்பத்தியில் நேரடியாகச் சேராது. ஆனால் வீட்டிலும் தட்டிலும் தெரியும். 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமப்புறக் கேரளத்தில் ஒருவரின் மாதச் செலவு 5,924 ரூபாய், அகில இந்திய கிராமப்புறச் சராசரி 3,773 ரூபாய். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் இளைஞரின் உழைப்பும் இப்படித்தான்: தமிழ்நாட்டின் உற்பத்தியில் ஏறும், அவர் ஊருக்கு அனுப்பும் பணம் பீகாரின் உற்பத்தியில் ஏறாது.

நாடு அளவில் இதன் உச்சம் அயர்லாந்து. 2015-இல் அதன் ஜிடிபி 26.3% வளர்ந்ததாக 2016 ஜூலையில் அறிவித்தார்கள். சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அந்த நாட்டுக் கணக்குக்கு மாற்றியதுதான் முக்கியக் காரணம். கேலி தாங்க முடியாமல் போகவே, அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் இந்த மாதிரி விஷயங்களைக் கழித்துப் பார்க்கும் திருத்திய தேசிய வருமானம் என்ற தனி அளவையே 2017-இல் கொண்டுவந்தது. ஆகவே, தொழில் எங்கே குவிகிறது என்று பார்க்க உற்பத்தி எண். மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க நுகர்வுக் கணக்கெடுப்பு.

வகுக்கும் எண்ணிலும் கண் வைக்க வேண்டும். இந்தியாவில் கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்தது. அதற்குப் பிந்தைய தனிநபர் எண்கள் எல்லாம் கணித்த மக்கள்தொகையை நம்பி நிற்கின்றன. ஆட்கள் வேகமாகக் குடிபெயரும் மாவட்டங்களில் அந்தக் கணிப்பு அதிகம் தவறலாம். அப்புறம், எல்லையே மாறிவிடும்: தமிழ்நாட்டில் 32-ஆக இருந்த மாவட்டங்கள் 2019, 2020-இல் 38 ஆயின. செங்கல்பட்டு பிரிந்தபின் இருக்கும் காஞ்சிபுரத்தைப் பழைய காஞ்சிபுரத்தோடு ஒரே தொடராக வைத்தால் ஒரே ஆண்டில் பெரும் வீழ்ச்சி தெரியும். யாரும் எதையும் இழக்கவில்லை. பிரிந்த மாவட்டங்களைச் சேர்த்துப் பழைய எல்லைக்கே கொண்டுபோவதுதான் வழி.

மாநிலத்துக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்தாது

1950-இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பை வைத்து ஒன்றைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. அப்படியானால் குடியேறியவர்கள் நன்றாகப் படித்தவர்களா? தனி ஆட்களை எண்ணிப் பார்த்தால் நேர்மாறு. அவர்களிடையேதான் எழுத்தறிவின்மை அதிகம். ஏற்கெனவே படித்தவர்கள் நிறைந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். மாவட்டச் சராசரிகளை வைத்து குடும்பங்களைப் பற்றி முடிவு எழுதும் ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

ஏறும் எதுவும் ஏறும் எதனோடும் பொருந்தும்

இது பழைய நோய். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் உட்னி யூல் 1926-இலேயே எழுதியிருக்கிறார்: இங்கிலாந்தில் 1866 முதல் 1911 வரை, இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி நடந்த திருமணங்களின் பங்குக்கும் இறப்பு விகிதத்துக்கும் ஒட்டுறவு (இரண்டு எண்கள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.95. இரண்டும் அந்தக் காலத்தில் குறைந்துகொண்டே வந்தன, வேறு சம்பந்தம் இல்லை. மாநில ஜிடிபியும் மொபைல் இணைப்புகளும், கடனும் சாலை நீளமும் என்று காலத்தோடு ஏறும் எந்த இரண்டை எடுத்தாலும் பெரும்பாலும் 0.9-க்கு மேல் வரும். ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தை எடுத்து மறுபடி பாருங்கள். உறவு காணாமல் போனால், முதலில் பார்த்தது காலத்தை மட்டுமே.

வேலையில்லாதவர் யார்?

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலையின்மை 2017-18-இல் 6.0%, 2023-24-இல் 3.2%. நல்ல செய்திதான். ஆனால் இதே காலத்தில் வேலை பார்ப்போரில் சுயதொழில் செய்வோரின் பங்கு 52%-இலிருந்து 58% ஆனது. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு கொஞ்சம் இறங்கியது. வீட்டுக் கடையிலோ வயலிலோ கூலி இல்லாமல் கைகொடுப்பவரும் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுகிறார். வேலை தேடிக்கொண்டு சும்மா இருக்க வசதி வேண்டும். கேரளத்தின் வேலையின்மை சில ஏழை மாநிலங்களைவிட அதிகமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். விகிதத்தை மட்டும் வைத்து மாநிலங்களை ஒப்பிட்டால் வறுமைக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்.

எடையை மறப்பது

சராசரி எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் தருகிறோம் என்பதுதான் எடை. 2010-இல் பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் வெளியிட்ட ஆய்வு, அரசுக் கடன் ஜிடிபியில் 90%-ஐத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1% என்றது. ஐரோப்பாவில் செலவுக் குறைப்பை ஆதரித்தவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது எண் பொருந்தவில்லை. ஆய்வாளர்களிடமே கேட்டு வாங்கிய எக்செல் கோப்பில் சராசரி எடுக்கும் வரம்புக்குள் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. அதோடு மற்றக் கோளாறுகளையும் சரிசெய்தால் 2.2% வந்தது.

எல்லோரும் எக்செல் பிழையை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் பாதிப்பு சிறிது. பெரிய வித்தியாசம் விட்டுப்போன ஆண்டுகளாலும் எடையாலும் வந்தது. 90%-க்கு மேல் பிரிட்டன் 19 ஆண்டுகள் இருந்தது, நியூசிலாந்துக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டது ஒரே ஆண்டு, 1951; அந்த ஆண்டின் வளர்ச்சி மைனஸ் 7.6%. சராசரியில் இரண்டுக்கும் ஒரே எடை. மந்த வளர்ச்சியே கடன் விகிதத்தை ஏற்றியிருக்கலாமே என்ற கேள்வி இதற்கெல்லாம் மேலே தனியாக நிற்கிறது.

இந்திய மாநிலங்களின் சராசரி வளர்ச்சி என்று எழுதும்போதும் இதே முடிவை எடுக்கிறோம், பெரும்பாலும் தெரியாமலேயே. 2011 கணக்கெடுப்பில் சிக்கிமில் 6 லட்சம் பேர், உத்தரப் பிரதேசத்தில் 20 கோடி பேர். கொள்கை எங்கே வேலை செய்கிறது என்று பார்ப்பதானால் ஒவ்வொரு மாநிலத்தையும் ஒன்றாக எண்ணலாம். இந்தியர்களுக்கு என்ன ஆனது என்று கேட்டால் மக்கள்தொகையால் எடை போட வேண்டும். எதைச் செய்தீர்கள் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள், அடிக்குறிப்பில் அல்ல.