ரோஸ்டர் போடும்போது எல்லாரும் பண்ற தப்புகள்

ரோஸ்டர், அதாவது யாருக்கு என்னைக்கு எந்த ஷிப்ட்ங்கற பட்டியல், போட உக்காந்தா கை முதல்ல போறது போன மாச ஷீட்டுக்குத்தான், பேரை மட்டும் மாத்திட்டு எழுந்துடுவோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஓட்டினேன்.

பெரிய தப்பு சராசரியை நம்புறது. ஒரு நாளைக்கு 240 போன் கால் வருது, 8 மணி நேரம், அப்போ மணிக்கு 30, ஒருத்தர் மணிக்கு 10 எடுப்பார், 3 பேர் போதும்னு கணக்கு போடுவோம். ஆனா 10 மணிலேர்ந்து 12 வரைக்கும் மணிக்கு 60 வந்து குமியும், 3 மணிக்கு 15 கூட வராது, அப்ப காலைல திணறின அதே மூணு பேர் சாயங்காலம் ஈ ஓட்டிட்டு இருப்பாங்க. பீக்ல 6 பேர் போட்டாலும் இடிக்கும், ஏன்னா கால் வரிசைல நின்னு ஒண்ணொண்ணா வராது. அதனால நாலஞ்சு வார டேட்டாவை கிழமை வாரியா, மணி வாரியா பிரிச்சுப் பாருங்க, எல்லாரையும் 9 மணிக்கே வரச் சொல்லாம சிலரை 10 மணிக்கு வர வைங்க.

24 மணி நேரமும் ஆள் இருக்கவேண்டிய சீட்னா வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்கு 48 மணி நேரம்னா 3.5, சரி 4 பேர்னு முடிச்சிடுவோம். ஒருத்தருக்கு காய்ச்சல் வந்தா மிச்சம் 144தான், 24 மணி நேரம் ஓட்டை. லீவையும் சேர்த்தே ஆளைக் கணக்கு பண்ணணும்.

ராத்திரி 11 மணிக்கு முடிச்சவரை காலைல 7 மணிக்கு வரச் சொல்றதும் நடக்குது. வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுத்தா அஞ்சு மணி நேரம் தூங்கினாலே பெருசு. ஐரோப்பிய ஒன்றியத்துல ஒரு நாளைக்கு 11 மணி நேரம் தொடர் ஓய்வுன்னு சட்டமே இருக்கு. ஷிப்ட் மாத்தினா காலை, மதியம், நைட்டுன்னு தள்ளித் தள்ளிக் கொண்டு போங்க, உடம்புக்கு தள்ளிப் படுக்கறது சுலபம், முன்னாடியே படுக்கறதுதான் கஷ்டம்.

அப்புறம் ராத்திரி 9 மணிக்கு வர்ற அந்த வாட்ஸ்அப் மெசேஜ், 'நாளைக்கு நீங்க மார்னிங்'. அவர் குழந்தையை யார் ஸ்கூல்ல விடுவான்னு யோசிச்சிருக்கோமா? ரெண்டு வாரம் முன்னாடியே ரோஸ்டரை ஒட்டிடுங்க, அப்புறம் மாத்தணும்னா கேட்டுட்டு மாத்துங்க. ஷிப்டை அவங்களுக்குள்ள ஸ்வாப் பண்ணி மாத்திக்கட்டும், ஆனா ஷீட்ல ஏறணும், இல்லேன்னா ஒரு நாள் ரெண்டு பேரும் 'அவர் வருவார்'னு நினைச்சு வீட்லயே இருந்துடுவாங்க. எங்க டீம்ல அது நடந்திருக்கு.