கெனாஃப் பேனல் முகம் வழவழன்னு வரணுமா? மொதல்ல நாரைக் கவனிங்க

கெனாஃப்ங்கிறது சணல் மாதிரி நார் குடுக்குற செடி, அந்த நாரை மோல்டுல (அச்சுல) அடுக்கி ரெசின் (ஊத்தினா இறுகிப்போற பிசின்) ஊத்தினா பேனல். பினாங்கு பட்டர்வொர்த்துல வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல நான் போட்ட மொத பேனல் அம்மை போட்ட மூஞ்சி மாதிரி வந்துச்சு, முழுக்க பொடிப்பொடி ஓட்டை, மோல்டைத் தேச்சேன், பேனல் மோல்டுல ஒட்டாம இருக்கப் பூசுற வேக்ஸை மாத்தினேன், ம்ஹூம், கடைசில பார்த்தா கோளாறு நார்ல.

நாருக்குத் தண்ணின்னா உயிர், பாலியெஸ்டர் ரெசினுக்கு ஈரமே ஆகாது. போதாததுக்கு நார் மேல இயற்கையாவே மெழுகு வேற. ரெசின் சரியா ஒட்டாம ஓரத்துல காத்து தங்கிடுது, அதான் ஓட்டை. (கண்ணாடி நார் ஃபேக்டரிலயே பூச்சோட வருது, அதுக்கு இந்தப் பாடு வேணாம்.)

மொதல்ல காஸ்டிக் சோடா. ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் சோடா, அதுல 50 கிராம் நார். கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சோடாவைத்தான் தண்ணில கொஞ்சங்கொஞ்சமா போடணும், மாத்தி ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும். அலுமினிய சட்டி கூடவே கூடாது, பிளாஸ்டிக் வாளி எடுங்க. 3 மணி நேரம் ஊறினா தண்ணி தே ஓ (பால் இல்லாத டீ) கலருக்கு வந்துடும், மெழுகும் கொஞ்சம் லிக்னினும் (நாரைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிற பொருள்) கழண்டு வருது, நார் சொரசொரன்னு ஆகி ரெசினைக் கப்புன்னு பிடிக்கும். சோடாவை டபுளா போட்டா டபுள் பலன்னு நினைக்காதீங்க லா, நார் நைஞ்சு போய் பேனல் பொசுக்குன்னு உடையும்.

அப்புறம் அலசல். எல்லாரும் சோம்பல் படுறது இங்கதான், நானுந்தான். நாலஞ்சு தண்ணி மாத்துங்க, கடைசித் தண்ணில துளி வினிகர், சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகாம இருந்தா போதும். மிச்ச சோடா பாலியெஸ்டரையே அரிச்சிடும்.

காய வைக்கிறதுதான் பெரிய தலைவலி, பினாங்கு காத்துல துணியே காயமாட்டேங்குது. சாப்பாடு வைக்காத பழைய ஓவன் இருந்தா 80 டிகிரில வச்சு, அப்பப்ப தராசுல போடுங்க, எடை இறங்குறது நின்னாதான் காஞ்சதா அர்த்தம். ஆறினதும் காத்துப் புகாத டப்பா, இல்லன்னா உடனே ரெசின். ஒரு ராத்திரி வெளிய கிடந்தா திரும்ப ஈரம் குடிச்சிட்டு, ரெசின் சூடேறும்போது அது ஆவியாகி கொப்புளம் விட்டுடும்.

நாரையும் ரெசினையும் ஒட்ட வைக்க சிலேன்னு ஒரு ரசாயனப் பூச்சும் உண்டு, ஆரம்பத்துலயே அதுக்குக் காசு விடாதீங்க.

ஒண்ணு மட்டும் சோடா தீர்க்காது. ரெசின் இறுகும்போது சுருங்கும், அப்ப நார் கோடு மேல தெரியும், அதனால ஜெல்கோட்டுக்கும் (மோல்டுல மொதல்ல பூசுற வெளிப்பூச்சு ரெசின்) நாருக்கும் நடுவுல ஒரு சர்ஃபேஸ் டிஷ்யூ (மெல்லிசான நார் விரிப்பு) போடுங்க.

மொத தடவை ஒரே மோல்டுல பாதிக்கு கழுவின நார், பாதிக்கு கழுவாத நார் போட்டு, கழட்டினதும் டியூப் லைட்டுக்கு கீழ சாய்ச்சுப் பிடிங்க. ஒரு பக்கம் லைட் கோடு நேரா நிக்கும், இன்னொரு பக்கம் நெளியும்.